மலை வெங்காயமும் மணல்மேட்டு நரிவெங்காயமும்

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்குக் கொரியாவில் தொழிற்சாலை வேலை. லீவில் வந்த கூட்டாளி ஒருவரிடம் ஒரு போத்தல் ஊறுகாய் இலையும் ஒரு சின்னப் பொட்டலம் விதையும் கொடுத்து விட்டிருக்கிறார். "இது மலையில் விளையும் காட்டு வெங்காயம். சாப்பிடவும் நல்லது, பிரஷருக்கும் நல்லது. வளவில் போட்டுப் பாருங்கள்" என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்குப் பிரஷர் இருப்பதால் வீட்டில் எல்லோருக்கும் ஆசை. இதற்கிடையில் கடற்கரை மணல்மேட்டில், அடம்பன் கொடிக்கு நடுவே, வெங்காயம் போலவே கிழங்குள்ள ஒரு செடியை இவர் கண்டிருக்கிறார். அயலில் உள்ள பெரியவர் ஒருவரும் அது காட்டு வெங்காயம்தான் என்றாராம். இரண்டைக் கிண்டி எடுத்து வந்து குசினியில் வெங்காயக் கூடைக்குள் போட்டு வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றா, நட்டால் வருமா, மருந்தாகப் பாவிக்கலாமா என்பது கேள்வி.

தங்கச்சி, மிச்சத்தை வாசிக்க முன்னம் எழும்பிப் போய் அந்த இரண்டு கிழங்கையும் வெங்காயக் கூடையில் இருந்து வெளியே எடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கூடையில் இருக்கும் மற்ற வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, சந்தேகமானதையும் எறிந்து விடுங்கள். மறுகா ஆறுதலாக வந்து வாசியுங்கள்.

நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துத்தான் சொல்கிறேன். மழை விழுந்த பிறகு பட்டை போல இலை வருகிறது. கோடையில் இலை ஒன்றும் இல்லாமல் மொட்டைத் தண்டு மட்டும் நேராக எழும்பி, அதில் இடைவெளி விட்டு மங்கலான நிறத்தில் சின்னப் பூக்கள் தொங்குகின்றன. கிழங்கு வெள்ளையாக, உரித்தால் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கிறது. வழுவழுப்பான பால், ஆனால் மணம் இல்லை. இந்த 'மணம் இல்லை' என்ற சொல்லை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான சொல். இது நரிவெங்காயம். தமிழ்நாட்டிலும் நரிவெங்காயம், காட்டு வெங்காயம் என்ற இரண்டு பெயரும் இதற்கு உண்டு. தாவரவியலில் டிரிமியா இண்டிகா என்பார்கள். வெங்காயத்துக்கும் இதற்கும் உறவு தூரத்து உறவுதான். வெங்காயம், உள்ளி (வெள்ளைப்பூண்டு), லீக்ஸ் எல்லாம் அல்லியம் என்ற ஒரே பேரினத்துப் பிள்ளைகள். நரிவெங்காயம் அந்தக் குடும்பமே இல்லை.

அதன் கிழங்கில் இருப்பது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. நம்மூரில் அலரி விதை நஞ்சு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அலரியில் இருப்பதும் நரிவெங்காயத்தில் இருப்பதும் இதயத்தில் ஒரே விதமாக வேலை செய்கிற பொருள்கள்தான். குமட்டல், வாந்தி, வயிற்றோட்டம் என்று தொடங்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வீட்டில் கைவைத்தியம் செய்து கொண்டிருப்பார்கள். அதற்குள் நாடி மந்தமாகித் தாளம் தப்பிவிடும். யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைப்பது, புளித்தண்ணி பருக்குவது என்று நேரத்தைச் செலவழிக்காமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகும்போது மிச்சக் கிழங்கையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். என்ன சாப்பிட்டார் என்று டொக்டருக்குக் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்படியென்றால் இதை மருந்து என்று சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். சொல்வது பொய் இல்லை. மத்தியதரைக் கடல் கரையில் வளரும் இதன் பெரிய தமக்கையை உடல் வீக்கத்துக்கும் இருமலுக்கும் 2000 வருடத்துக்கு மேலாகப் பாவித்திருக்கிறார்கள். நரிவெங்காயத்தையே இந்திய ஸ்குவில் என்ற பெயரில் ஆங்கிலேயரும் மருந்து நூலில் சேர்த்து, இருமல் பாணி காய்ச்சினார்கள். அதே காலத்தில் மத்தியதரைக் கடல் வகையில் சிவப்புக் கிழங்கு உள்ளதை எலி மருந்தாகவும் விற்றார்கள். எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது, அதனால் உள்ளே போனது வெளியே வராது என்பதுதான் அதிலுள்ள சூட்சுமம். ஒரே செடி இருமலுக்கும் எலிக்கும் மருந்தாக இருந்தது என்றால் அளவு எவ்வளவு நெருக்கமான விஷயம் என்று பாருங்கள். கிழங்குக்குக் கிழங்கு, பருவத்துக்குப் பருவம் நஞ்சின் அளவு மாறும். படித்த வைத்தியர் சுத்தி செய்து, நிறுத்துக் கொடுப்பது ஒன்று. நாங்கள் சட்டியில் போட்டு வதக்குவது வேறொன்று. காலாணிக்குச் சுட்ட நரிவெங்காயத்தை மிதிக்கச் சொல்லும் பழைய கைமுறை ஒன்று இருக்கிறது. அது வெளிப்பூச்சு, உள்ளே போகிற சங்கதி இல்லை. அதிலும்கூட அதன் பால் தோலில் பட்டால் கடி எடுக்கும், சிலருக்குக் கொப்புளமே போடும்.

வெங்காயக் குடும்பத்துக்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. இலையையோ கிழங்கையோ கசக்கினால் வெங்காய மணமோ உள்ளி மணமோ கட்டாயம் வர வேண்டும். முழு வெங்காயம் கூடையில் கிடக்கும்போது மணப்பதில்லை, வெட்டினதும்தான் கண்ணைக் கரிக்கிறது அல்லவா? உள்ளே கந்தகச் சத்தும் அதை உடைக்கும் நொதியமும் தனித்தனி அறையில் இருக்கின்றன. கசக்கும்போதுதான் இரண்டும் சந்திக்கின்றன. நரிவெங்காயத்தில் அந்தச் சரக்கே இல்லை, கசக்கினாலும் பச்சைப் புல் வாசம்தான் வரும்.

ஆனால் இந்தச் சோதனையிலும் ஒரு குழி இருக்கிறது. சமையல் செய்த கையோடு போய்க் கசக்கிப் பார்த்தால் உங்கள் விரலில் இருக்கும் வெங்காய மணம்தான் மூக்குக்கு வரும். கூடையில் வெங்காயத்தோடு ஒரு இரவு கிடந்த நரிவெங்காயமும் கொஞ்சம் மணக்கும். அதனால்தான் உங்கள் கூடையைப் பற்றி முதலிலேயே அவசரப்பட்டேன்.

நமது பக்கத்தில் இப்படி ஏமாற்றும் கிழங்குகள் இன்னும் உண்டு. வீட்டு முற்றத்தில் மழைக்கு மறுநாள் வெள்ளையாகவும் ரோஸ் நிறத்திலும் பூக்கும் ரெயின் லில்லியின் இலையும் கிழங்கும் சின்ன வெங்காயத்துக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். கடற்கரையில் பெரிய இலையோடு நிற்கும் விஷமூங்கில் இருக்கிறது, அதன் பெயரிலேயே எச்சரிக்கை இருப்பதால் ஆபத்துக் குறைவு. பற்றைக்குள் படரும் கார்த்திகைப்பூவின் கிழங்கை வற்றாளைக் கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிர் போன கதைகள் இலங்கையில் நிறைய. நான் விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு தோட்டத்துக்குப் போனபோது, வெங்காயப் பாத்தியின் ஓரத்தில் ரெயின் லில்லி வரிசையாக நின்றது. "வடிவுக்கு நட்டது ஐயா" என்றார் அந்த அம்மா. வெங்காயத்தாள் முறிக்கப் போகும் சின்னப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதானே என்று சொல்லி அன்றைக்கே வேலி ஓரத்துக்கு மாற்ற வைத்தேன்.

சரி, இனித் தம்பி அனுப்பியதைப் பார்ப்போம்.

அவர் அனுப்பியது உண்மையான வெங்காயக் குடும்பத்துச் செடி. அல்லியம் விக்டோரியாலிஸும் அதன் நெருங்கிய சொந்தங்களும் ஐரோப்பிய மலைகள் தொடக்கம் சைபீரியா, கொரியா, ஜப்பான் வரை குளிர்ந்த காட்டுச் சரிவுகளில் வளர்கின்றன. கொரியர் 'சன்மனுல்' என்கிறார்கள், மலை உள்ளி என்று பொருள். உண்மையில் வெங்காயத்தை விட உள்ளி மணம்தான் கூட. இரண்டு மூன்று இலைதான் விடும், ஆனால் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ரஷ்யர் இதே இனத்து இலையை 'செரெம்ஷா' என்று சொல்லி உப்புப் போட்டு வைத்துக் கொள்கிறார்கள். ஜப்பானில் இதன் பெயர் 'துறவியின் உள்ளி' என்று பொருள்படும். மலையில் தவம் செய்பவர்கள் தின்றார்களாம். நம்மூர்ச் சாமிமார் வெங்காயமும் உள்ளியும் தொட மாட்டார்கள், அங்கே துறவிக்கே அதுதான் ஆகாரம். ஊருக்கு ஊர் விரதமும் வேறு.

கொரியாவின் கிழக்குக் கடலில் உல்லுங்டோ என்று ஒரு எரிமலைத் தீவு. பனி கொட்டித் தள்ளும் இடம். 1880களில் அங்கே குடியேறியவர்கள் கையில் இருந்த தானியம் தீர்ந்து, மாரியில் பட்டினி கிடந்து, பனிக்குள்ளால் முளைத்து வந்த இந்த இலையைத் தின்று உயிர் தப்பினார்கள் என்று சொல்வார்கள். அதனால்தான் உயிர் என்ற பொருளில் 'மியங்கி நாமுல்' என்று பெயர் வந்ததாம். உங்கள் போத்தலின் லேபிளிலும் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் இருக்கும், தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு அங்கே அது பட்டினிச் சாப்பாடு இல்லை, விலை கூடிய சாப்பாடு. சோயா சோஸும் வினாகிரியும் சீனியும் சேர்த்து ஊறப் போட்டு, சுட்ட பன்றி இறைச்சியைச் சுற்றிச் சாப்பிடுகிறார்கள்.

அங்கேயே, அது பிறந்து வளர்ந்த மலையிலேயே, வருடா வருடம் ஆட்கள் ஏமாறுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வசந்தத்தில் குருத்து விடும்போது வெராட்ரம் என்ற நஞ்சுச் செடியும் பள்ளத்தாக்கு லில்லி என்ற இன்னொன்றும் இதே சாயலில் பக்கத்திலேயே முளைக்கும். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அப்படி மாறிப் பறித்துச் செத்தவர்கள் உண்டு. பள்ளத்தாக்கு லில்லியில் இருப்பதும் உங்கள் நரிவெங்காயத்தில் இருப்பது போன்ற இதய நஞ்சுதான். எந்தச் செடிக்குக் 'காட்டு வெங்காயம்' என்ற பெயர் வைத்தாலும் பின்னால் ஒரு போலி நிற்கிறது.

நட்டால் வருமா? திருக்கோவிலில் வராது. மட்டக்களப்பிலும் வராது. அந்த விதைக்கு உறக்கம் கலைய நீண்ட குளிர் வேண்டும். பிரிட்ஜில் வைத்துக் குளிர் காட்டி முளைக்க வைத்தாலும், செடிக்கு வருடா வருடம் ஒரு பனிக்காலம் வேண்டும். நம்முடைய கரையில் தை மாத விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அப்புறம் ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கத் தொடங்கினால் மணல் சட்டியில் வறுத்த மாதிரி ஆகிவிடும். பனிக்குள் கிடந்து பழகிய கிழங்கு அந்தச் சூட்டில் அவிந்து போகும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே போட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். தை, மாசியில் சில விடியலில் அங்கே உறைபனி படுவது உண்மைதான். ஆனால் வெயில் ஏறினதும் சூடு வந்துவிடும், மாதக்கணக்கில் தொடர்ந்து குளிர் நிற்பதில்லை. லீக்ஸுக்கு அந்தக் குளிர் தாராளம், இதற்குப் போதாது.

எல்லாம் சரியாக அமைந்த குளிர் நாட்டில்கூட இது ஆமை வேகம். முதல் வருடம் ஒரே ஒரு இலை. விதை போட்டு நாலைந்து வருடம் காத்திருந்தால்தான் இலை பறிக்கலாம், அப்போதும் செடிக்கு ஒரு இலையை விட்டு வைக்க வேண்டும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் 'ராம்ப்ஸ்' என்று இதன் சொந்தக்காரச் செடி ஒன்று இருக்கிறது, அதுவும் இப்படித்தான் மெதுவாக வளரும். ஆசைப்பட்டு எல்லோரும் கிழங்கோடு பிடுங்கியதில் குறைந்து போய், கனடாவின் கியூபெக் மாகாணம் 1995இல் அதை விற்பதையே தடை செய்தது. அமெரிக்காவில் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவிலும் பறிக்க முடியாது.

விதைப் பொட்டலத்தைப் பற்றி இன்னொரு விஷயம். வெளிநாட்டில் இருந்து விதை, கிழங்கு, செடி எதையும் அனுமதிப் பத்திரமும் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் கொண்டு வரக்கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. நம்மூரில் யாரும் இதைப் பெரிதாக எடுப்பதில்லை, பயணப் பையில் கறிவேப்பிலைக் கன்று கொண்டு போகிறவர்களும் உண்டு. ஆனால் வெங்காயத்தில் வெள்ளை அழுகல் என்று ஒரு நோய் இருக்கிறது. கிழங்கோடும் ஒட்டிய மண்ணோடும் வந்து, ஒரு தோட்டத்துக்குள் புகுந்தால் 20 வருடம் மண்ணிலேயே கிடக்கும். அப்படியொன்று களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விதையை அடுப்பில் போட்டு விடுங்கள். அடுத்த முறை தம்பியிடம் கிழங்கு கேட்கவும் வேண்டாம்.

பிரஷர் விஷயத்துக்கு வருவோம். மலை வெங்காயம், சின்ன வெங்காயம், உள்ளி மூன்றிலும் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. சைபீரியாவில் மாரி முடியும் காலத்தில் பச்சைக் காய்கறி ஒன்றும் இல்லாமல் பல் ஈறு வீங்கி இரத்தம் கசிந்தவர்களுக்கு இந்த இலையின் வைட்டமின் சி உண்மையிலேயே மருந்தாக இருந்தது. நமக்குத் தேசிக்காயும் கொய்யாவும் வருடம் முழுக்கக் கிடைப்பதால் அந்த அவசியம் இல்லை. உள்ளி பிரஷரைக் கொஞ்சம் குறைக்கிறது என்று மனிதரில் செய்த பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. கொஞ்சம்தான். கிளினிக்கில் தரும் குளிசையின் இடத்தை அது பிடிக்காது.

ஆனால் உங்கள் வீட்டில் யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. அந்தப் போத்தலில் இலை எதில் ஊறிக் கிடக்கிறது? சோயா சோஸில். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவு 2000 மில்லிகிராமுக்குள். பிரஷருக்கு நல்லது என்று அம்மா தினமும் நாலு இலையை அந்தத் தண்ணியோடு சேர்த்துச் சாப்பிட்டால், கருவாட்டை நிறுத்தச் சொன்ன டொக்டருக்குத் தெரியாமல் கருவாட்டை இன்னொரு கதவால் உள்ளே எடுத்த மாதிரி ஆகிவிடும். ருசிக்கு எப்போதாவது ஒரு இலை சாப்பிடட்டும், தண்ணியைப் பிழிந்து விட்டு. அதற்கு மேல் வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குளிசை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால், கறியில் போடும் வெங்காயத்துக்கும் உள்ளிக்கும் பயப்படத் தேவையில்லை. மருந்தென்று நினைத்துப் பச்சை உள்ளியை அள்ளித் தின்பதும் உள்ளிக் குளிசை வாங்கிப் போடுவதும்தான் கூடாது. சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள் அதை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி விட வேண்டும்.

இவ்வளவும் 'வேண்டாம், வேண்டாம்' என்று சொல்லி விட்டேன். அந்த ருசி வேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்கு வழி உங்கள் குசினியிலேயே கிடக்கிறது.

மலை உள்ளியின் இலையில் இருப்பது உள்ளி மணம். உள்ளியை நட்டால் நம்மூரில் கிழங்கு விழாது, அதற்கும் குளிர் வேண்டும். ஆனால் இலை வரும். கிழங்கு விழவில்லை என்று பலரும் கோபத்தில் பிடுங்கி எறிவது அந்த இலையைத்தான். முளை காட்டும் உள்ளிப் பற்களை எடுங்கள். முளை வரவில்லை என்றால் மூன்று கிழமை பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் உறக்கம் கலையும். அகலமான பழைய பேசின் ஒன்றுக்கு அடியில் ஓட்டை போட்டு, இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, ஒரு பங்கு மேல்மண் கலந்து நிரப்புங்கள். பல்லின் கூர்ப்பக்கம் மேலே இருக்க, மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில், நான்கு விரல் இடைவெளியில் நடுங்கள். பத்து நாளில் பச்சை தெரியும். காலை வெயில் மட்டும் படுகிற இடம் பார்த்து வையுங்கள், பத்து பதினொரு மணிக்குப் பிறகு நிழல் வேண்டும். ஐந்தாம் கிழமை அளவில் இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டலாம். இரண்டு அல்லது மூன்று வெட்டு கிடைக்கும், அத்தோடு அந்தப் பல்லின் பலம் தீர்ந்துவிடும். மறுபடி நட வேண்டியதுதான்.

திரும்பத் திரும்ப நட அலுப்பாக இருந்தால் சீன வெங்காயப் புல் என்று சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. தம்பிக்குப் 'புச்சு' என்றால் தெரியும், அங்கே கிம்ச்சியிலும் அடையிலும் போடுவார்கள். தட்டையான இலை, இளம் உள்ளி மணம், வெள்ளைப் பூ. மலேசியாவின் சூட்டிலேயே செழிப்பாக வளர்கிறது என்றால் நமக்குப் பயமில்லை. ஒருமுறை பிடித்தால் வருடக்கணக்கில் நிற்கும், மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கால் வெட்டலாம், குத்து பெருத்தால் பிரித்து நடலாம். உள்ளூர் விதைக் கடையில் வாங்கும்போது பக்கெட்டின் திகதியைப் பாருங்கள். வெங்காயக் குடும்பத்து விதை ஒரு வருடத்துக்கு மேல் முளைப்புத் தாங்காது.

ஆனால் என்னைக் கேட்டால் நமது மணலுக்குப் பொருத்தமான வெங்காயம் சின்ன வெங்காயம்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உணவாகவும் கைவைத்தியமாகவும் அம்மம்மாமார் காலத்தில் இருந்து கூட வந்தது அது. கட்டிக்குச் சுட்டு வைத்துக் கட்டினார்கள், தடிமனுக்கு மல்லித் தண்ணியோடு உள்ளியும் வெங்காயமும் தட்டிப் போட்டார்கள். இந்தச் சின்னச் சின்ன உபத்திரவங்களுக்கு அது போதும். மயங்கி விழுந்தவர் மூக்கில் வெங்காயம் பிடிப்பதை மட்டும் விட்டு விடுங்கள், அதில் பலன் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம்தான் வீணாகும்.

நடுகிற காலத்தில் கவனம் வேண்டும். கார்த்திகை, மார்கழி அடைமழைக்குள் நடக்கூடாது. ஒரு வருடம் மார்கழியில் வெங்காய விலை ஏறியதைப் பார்த்து நானே அவசரப்பட்டுப் பாத்தி போட்டேன். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன ஆள். இலை சுருண்டு முறுகி, அடி அழுகி, கடைசியில் நட்டதில் கால்வாசிகூட வீட்டுக்கு வரவில்லை. தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்த பிறகு நடுங்கள். ஒரு மீற்றர் அகலத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, மக்கிய மாட்டெருவைத் தாராளமாகக் கலந்து, பத்து சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, கிழங்கின் நுனி வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். அறுவடை செய்து இரண்டு மூன்று மாதம் உறங்கிய கிழங்கைத்தான் நட வேண்டும், புதுக்கிழங்கு முளைக்காமல் சண்டித்தனம் பண்ணும். மணல் என்பதால் தொடக்கத்தில் தினமும் தண்ணீர். 60, 70 நாளில் தாள் பாதி சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்தி, ஒரு கிழமை விட்டுப் பிடுங்கி, நிழலில் காய வைத்துப் பிடி பிடியாகக் கட்டித் தொங்க விடலாம்.

கிணற்றுத் தண்ணியை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கிற நமது ஊர்களில் மாரியில் மணலில் சின்னக் குழியாகப் பூவல் தோண்டினாலும் நல்ல தண்ணி வரும், ஆவணி வரும்போது அதே கிணறு உவர்த்துவிடும். நெல் தாங்கும் உப்பில் பாதியைக்கூட வெங்காயம் தாங்காது. தாளின் நுனி கருகி வெள்ளையாக வந்தால் நோய் என்று நினைத்து மருந்து அடிக்க ஓடுவார்கள். பாதி நேரம் அது நோயே இல்லை, கிணற்று உப்புத்தான். தையில் நட்டுப் பங்குனி, சித்திரைக்குள் பிடுங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

போத்தல் தீர்ந்த பிறகு அதே ருசியில் செய்து பார்க்க ஒரு முறை சொல்கிறேன். உள்ளி இலையையோ இளம் வெங்காயத்தாளையோ கழுவி, ஈரம் இல்லாமல் துணியில் உலர விட்டு, விரல் நீளத்துக்கு வெட்டிச் சுத்தமான போத்தலில் அடையுங்கள். ஒரு கோப்பை தண்ணீர், அரைக் கோப்பை சோயா சோஸ், கால் கோப்பை சீனி மூன்றையும் கொதிக்க வைத்து இறக்கி, அரைக் கோப்பை வினாகிரி சேர்த்து, ஆறிய பிறகு ஊற்றி பிரிட்ஜில் வையுங்கள். கொரியர் போடும் அளவை விட சோயா சோஸைக் குறைத்திருக்கிறேன், அம்மாவுக்காக. உப்புக் குறைவு என்பதால் வெளியே வைத்தால் கெட்டுவிடும், இரண்டு கிழமைக்குள் முடித்துவிட வேண்டும். மூன்றாம் நாள் எடுத்துச் சுட்ட பாரை மீனோடு சாப்பிடுங்கள். இதுவும் வேண்டாம் என்றால், வெங்காயத்தாளைப் பொடியாக அரிந்து, கூனி வறுத்து, பச்சைக் கொச்சிக்காயும் தேங்காய்ப்பூவும் போட்டு ஒரு சுண்டல் செய்யுங்கள். கடைசியில் தேசிக்காய்ப் புளி. எனக்கு எந்த மலை வெங்காயத்தை விடவும் இதுதான் பிடிக்கும்.

அந்த இரண்டு கிழங்கையும் குப்பையில் எறியாமல், எடுத்த மணல்மேட்டிலேயே திரும்பப் புதைத்து விடுங்கள். குப்பையில் கிடந்தால் ஆடோ மாடோ கிளறும், முளைத்தால் வளவுக்குள் குடிவந்து விடும். வெங்காயக் கழிவையும் நாய்க்கும் மாட்டுக்கும் போடாதீர்கள், நமக்கு நல்லதாக இருக்கும் வெங்காயமே அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தப் பெரியவரிடமும் ஒருக்கால் போய்ச் சொல்லி விடுங்கள். அவர் காட்டிக் கொடுத்ததில் வேறு யாரும் கிண்டிக் கொண்டு போயிருக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.